பேச்சு தடுமாறினால் யோசனையும் தடுமாறுமா?

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வீட்டில் அது புத்திமதி. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. கேட்டதும் பட்டென்று பதில் சொல்கிற பிள்ளை கெட்டிக்காரன். எழுந்து நின்று திருதிருவென்று விழிக்கிற பிள்ளை மந்தம். அந்தப் பிள்ளைக்குக் கேள்வி புரிந்ததா, புரிந்தும் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லையா, அல்லது உண்மையிலேயே யோசிக்கத் தெரியவில்லையா என்று பிரித்துப் பார்க்க வகுப்பறையில் நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. இந்த மூன்றும் வேறு வேறு. பேச்சு, மொழிப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் பிள்ளைகளுக்கு நேரும் கேட்டைத் தினமும் பார்க்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சில பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆட்டிசம் கிடையாது. தலையில் அடிபட்டதில்லை. வீட்டில் பேசுவதற்கு ஆள் குறைவில்லை. ஆனாலும் தாய்மொழி அவர்களுக்கு எளிதில் வசப்படுவதில்லை. மற்ற பிள்ளைகள் விளையாட்டுப்போக்கில் பிடித்துக்கொள்கிற சொற்களையும் வாக்கியங்களையும் இவர்கள் ஒவ்வொன்றாகப் போராடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று பெயர். ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருந்த நிலை மாறி, டொரதி பிஷப் என்ற உளவியலாளரின் முன்முயற்சியில், ஆங்கிலம் பேசும் நாடுகளைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் 2016, 2017ஆம் ஆண்டுகளில் கலந்துபேசி இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள்.

இது அபூர்வமான ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் சர்ரி மாவட்டத்தில் கர்ட்னி நார்பரி குழுவினர் பள்ளியில் சேர்ந்த 4, 5 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேறு எந்த மருத்துவக் காரணமும் இல்லாமல் மொழிக் குறைபாடு இருந்த பிள்ளைகள் 7.58 விழுக்காடு. 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். அதே விகிதம் இங்கேயும் இருக்குமானால் 40 பேர் உள்ள நம் வகுப்பில் மூன்று பேர். பெற்றோர் சரியாகப் பேசாததால் இது வருவதில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இரண்டு மொழி புழங்குவதாலும் வருவதில்லை. பெரும்பாலும் பிறப்போடு, குடும்பத்தோடு வருவது இது. நாக்கில் வசம்பு தேய்த்தவர்கள், கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவர்கள் என்று எத்தனையோ தாய்மார்கள் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேச்சு வராத பிள்ளைக்கு யோசனை மட்டும் எப்படி வரும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு லண்டனைச் சேர்ந்த கிறிஸ் டொன்லனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மொழிக் குறைபாடுள்ள 48 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் 8 வயது. ஒரு பக்கம் அதே வயதுடைய மற்ற பிள்ளைகள். இன்னொரு பக்கம், இவர்களுடைய மொழித்திறனுக்குச் சமமான மொழித்திறன் கொண்ட, வயதில் சிறிய பிள்ளைகள். மூன்று கூட்டத்துக்கும் கணக்கில் பலவகைச் சோதனைகள் வைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை வரிசையாகச் சொல்வதில் இந்த 48 பேரும் மிகவும் பின்தங்கினார்கள். கூட்டல் கழித்தலிலும் அப்படியே. பத்தாம் இடம், நூறாம் இடம் என்று இடமதிப்பை விளங்கிக்கொள்வதிலும் குறை இருந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டை மட்டும் பார்த்தால் இவர்களுக்குக் கணக்கே ஏறாது என்று எழுதிவிடலாம்.

ஆனால் இன்னொரு சோதனையும் இருந்தது. கணக்கின் விதிகளைப் பற்றியது. ஒன்றோடு மற்றொன்றைக் கூட்டினால் வருவது, இடம் மாற்றிக் கூட்டினாலும் அதேதான் வருமா? இதற்கு எண்களின் பெயர் தெரிய வேண்டியதில்லை. விடையைச் சொல்ல வேண்டியதும் இல்லை. விதி புரிந்தால் போதும். அந்தச் சோதனையில் மட்டும் இந்தப் பிள்ளைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிப் பிடித்தார்கள். இருபது வரை ஒழுங்காக எண்ணிச் சொல்லத் திணறுகிற பிள்ளையின் மண்டைக்குள் கூட்டலின் இலக்கணம் தெளிவாக உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதுதான் இதன் பொருள். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று நம் எண்ணுப் பெயர்கள் போகிற போக்கைப் பாருங்கள். பெயரில் தடுக்கி விழுகிற பிள்ளையை எண்ணிலேயே விழுந்துவிட்டதாக எத்தனை முறை கணித்திருப்போம்!

கணக்கை விட்டு வாக்கியத்துக்கு வருகிறேன். நாம் யோசிக்கிற முறையைத் தமிழ் பெரும்பாலும் விகுதிகளிலும் இடைச்சொற்களிலும்தான் வைத்திருக்கிறது. "மழை பெய்தால் விளையாட்டு கிடையாது" என்று ஆசிரியர் சொல்கிறார். மறுநாள் "மழை பெய்தாலும் விளையாட்டு உண்டு" என்கிறார். இரண்டுக்கும் இடையில் நிபந்தனையையே தலைகீழாக்குவது அந்த 'உம்' ஒன்றுதான். பேச்சு ஓட்டத்தில் அது காதில் விழுந்து மறைகிற நேரம் மிகச் சொற்பம். மொழிக் குறைபாடுள்ள பிள்ளைகள் முதலில் தவறவிடுவது இப்படிப்பட்ட சின்னஞ்சிறு உறுப்புகளைத்தான். பல மொழிகளில் கண்டறியப்பட்ட விஷயம் இது. "மாத்திரை போடுவதற்கு முன்னால் சாப்பிடு" என்றால், காதில் முதலில் விழுந்தது மாத்திரை. ஆகவே கை முதலில் மாத்திரையை எடுக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை என்று நாம் முகம் சுளிக்கிறோம். "கண்ணனிடம் 8 மாம்பழம் இருக்கிறது. மீனாவிடம் இருப்பதைவிட இது 3 அதிகம். மீனாவிடம் எத்தனை?" என்று கேட்டால், அதிகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 11 என்று எழுதிவிடுகிறது. கணக்குத் தெரியாமல் எழுதிய 11 அன்று அது. 'விட' என்ற சொல்லில் எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது நழுவிப்போனதால் வந்த 11. தாளைத் திருத்துகிறவருக்கோ எல்லாத் தவறும் ஒரே சிவப்புக் கோடுதான்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு. 'யோசிக்கும் திறன் குறைவு' என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் வாயால் கேட்டேன்: "சிவப்புக் குச்சி நீலக் குச்சியைவிட நீளம். நீலக் குச்சி பச்சைக் குச்சியைவிட நீளம். சிவப்பா பச்சையா, எதுப்பா நீளம்?" அவன் "பச்சை" என்றான். மாற்றி மாற்றிக் கேட்டபோதும் நான் கடைசியாகச் சொன்ன நிறத்தையே திருப்பிச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மேசையில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்தேன். குச்சிகளின் முனை மட்டும் வெளியே தெரியும். எல்லா முனையும் ஒரே உயரம். சிவப்பையும் நீலத்தையும் மட்டும் வெளியே எடுத்து அருகருகே காட்டி உள்ளே வைத்தேன். நீலத்தையும் பச்சையையும் எடுத்துக் காட்டி உள்ளே வைத்தேன். மனதில் பதியும்வரை திரும்பத் திரும்பக் காட்டினேன். சிவப்பையும் பச்சையையும் சேர்த்து மட்டும் காட்டவே இல்லை. பிறகு எதுவும் பேசாமல் சிவப்பு முனையையும் பச்சை முனையையும் தொட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து எது என்பதுபோல் பார்த்தேன். அவன் சிறிது நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிவப்பைத் தொட்டான். பச்சையைத் தொட்டுத் தன் விரல் இரண்டையும் நெருக்கிக் குட்டை என்று காட்டினான். வேறு நிறங்களை வைத்தும் செய்தேன். சரியாகவே சொன்னான். "மேடம், இதெல்லாம் இவனுக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டார். தெரியும் அம்மா, நாம் கேட்ட விதம்தான் அவனுக்குத் தெரியவில்லை என்றேன்.

இந்தப் பெட்டி என் கண்டுபிடிப்பு இல்லை. பீட்டர் பிரையன்ட், டாம் டிரபாசோ இருவரும் 1971இல் நேச்சர் இதழில் எழுதிய புகழ்பெற்ற ஆய்வைத் தழுவியது. ஏழெட்டு வயதுக்கு முன்னால் இப்படிப்பட்ட ஊகம் குழந்தைகளுக்கு வராது என்று ழான் பியாஜே சொல்லியிருந்தார். சொன்ன விவரங்கள் நினைவில் நிற்கும்படி செய்துவிட்டால் 4 வயதுக் குழந்தைகளுக்கும் வரும் என்று இவர்கள் காட்டினார்கள். தடை ஊகத்தில் இல்லை, நினைவில் இருந்தது. மொழிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். காதில் விழுந்த வாக்கியத்தை மனதில் நிறுத்திவைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. நிறுத்திவைப்பதிலேயே சக்தி எல்லாம் தீர்ந்துபோனால் அதைவைத்து யோசிக்க மிச்சம் எங்கே இருக்கும்?

சரி, பள்ளிக்கூடம் தவறலாம், சோதனைகள் தவறாதே என்று நீங்கள் நினைக்கலாம். நம் நாட்டில் பிள்ளைகளின் ஐ.க்யூ. பார்க்கப் பரவலாகப் பயன்படுவது பினே–காமத் சோதனை. 1905இல் பிரான்சில் பிறந்த சோதனையை வி.வி. காமத் 1930களில் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்றவாறு மாற்றியமைத்தார். அதில் பெரும்பகுதி வாயால் கேட்டு வாயால் பதில் சொல்வது. மொழியில் குறையுள்ள பிள்ளையிடம் அதை வைத்தால் வருகிற எண், அறிவைச் சொல்கிறதா மொழியைச் சொல்கிறதா? எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த எண்ணோடு 'அறிவுத்திறன் குறைபாடு' என்ற சான்றிதழும் சேர்ந்துவிட்டால் பிள்ளையின் பாதையே மாறிப்போகிறது. கைவேலையாகச் செய்துகாட்டும் சோதனைகள் நம்மிடம் இல்லாமலில்லை. சி.எம். பாட்டியா 1955இலேயே, படிப்பறிவில்லாதவர்களையும் மனதில் வைத்து, கட்டைகளை அடுக்குவது, உருவம் வரைவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது என்று இந்தியாவுக்காகவே ஒரு தொகுப்பு செய்து தந்தார். 1938இல் ஜான் ரேவன் வெளியிட்ட கட்டப் படங்களும் பல மையங்களில் இருக்கின்றன. விடுபட்ட கட்டத்தில் எந்த உருவம் பொருந்தும் என்று தொட்டுக்காட்டினால் போதும். மொழியில் சந்தேகம் உள்ள எந்தப் பிள்ளைக்கும் வாய்மொழிச் சோதனையை மட்டும் வைத்து எண் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, அப்படியானால் இந்தப் பிள்ளைகளின் யோசனை முழுசாக இருக்கிறது, மொழி மட்டும்தான் குறை என்று நீங்கள் நிம்மதியடைந்துவிடக் கூடாது. துறையில் இருந்தவர்களே நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். மொழி சாராத ஐ.க்யூ. சோதனையில் 85க்கு மேல் வாங்கினால்தான் மொழிக் குறைபாடு என்று பெயர் கொடுப்போம் என்று விதியே வைத்திருந்தார்கள். 84 வாங்கிய பிள்ளைக்கு உதவி கிடைக்காது. 2014இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொழி சாராத சோதனைகளிலும் இந்தப் பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 10 புள்ளிகள் குறைவாகவே வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. 70க்கும் 85க்கும் இடையில் வாங்கிய பிள்ளைகளின் மொழிச் சிக்கல், அதற்கு மேல் வாங்கியவர்களின் சிக்கலைவிடக் கடுமையாக இல்லை என்பதை நார்பரியின் ஆய்வும் காட்டியது. அந்த விதி இப்போது கைவிடப்பட்டிருக்கிறது. கைவிட்டது மிகச் சரி.

மொழி இல்லாமலேயே யோசிக்க முடியுமா? வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கவாதம் போன்ற காரணங்களால் மூளை பாதிக்கப்பட்டு மொழியை இழந்த மூன்று பேரை இங்கிலாந்தில் ரோஸ்மேரி வார்லி ஆராய்ந்து 2005இல் எழுதினார். யார் யாரைக் கொன்றார் என்று சொல்லும் எளிய வாக்கியத்தையே அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் கழித்தலில் எந்த எண்ணிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் தடுமாறவில்லை. அடைப்புக்குறி உள்ள கணக்கையும் போட்டார்கள். ஆனால் அவர்கள் பேச்சை இழக்கும்முன் வாழ்நாளெல்லாம் பேசியவர்கள், படித்தவர்கள். வீடு கட்டி முடித்த பிறகு சாரத்தைப் பிரித்தால் வீடு நிற்கும். சுவர் எழும்பும்போதே சாரம் இல்லாவிட்டால்? குழந்தையின் நிலை அதுதான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று நிகரகுவாவிலிருந்து வருகிறது. 1970களின் கடைசியில் மனாகுவா நகரில் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அதுவரை பொதுவான சைகை மொழி எதுவும் அங்கே இல்லை. ஒன்றுசேர்ந்த பிள்ளைகள் தாங்களே ஒரு மொழியை உருவாக்கினார்கள். அடுத்தடுத்து வந்த சிறியவர்கள் அதை வளப்படுத்தினார்கள். முதலில் சேர்ந்து இப்போது பெரியவர்களாகிவிட்டவர்களிடம் நினை, தெரியும், நம்பு போன்ற மனச்செயல்களைக் குறிக்கும் சைகைகள் மிகக் குறைவாக இருந்தன. ஜெனி பயர்ஸ், ஆன் செங்காஸ் இருவரும் அவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். ஒருவன் பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது வேறொருவர் அதை இடம் மாற்றுகிறார். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? பேச்சே தேவைப்படாமல் படங்களைக் கொண்டு வைத்த சோதனை. வளர்ந்தவர்களான முதல் கூட்டத்தினர் அதில் தடுமாறினார்கள். இளைய கூட்டத்தினர் எளிதாகச் செய்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பவும் சோதித்தார்கள். இளையவர்களோடு பழகி அந்த மனச்சொற்களைக் கற்றுக்கொண்டிருந்த மூத்தவர்கள் இம்முறை தேறினார்கள். 2009இல் வெளியான இந்த முடிவைப் படித்த நாளிலிருந்து, மொழி வெறும் வெளியீட்டுக் கருவி என்று என்னால் பேச முடிந்ததில்லை. பிறருடைய மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று யோசிக்கும் வழியையும் அது திறந்துவிடுகிறது.

இன்னொரு செய்தி உங்களைக் கவலைப்பட வைக்க வேண்டும். மான்செஸ்டரில் ஜீனா கான்டி–ராம்ஸ்டன் 7 வயது மொழிக் குறைபாட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் 82 பேரின் விவரங்களை வைத்து நிக்கோலா பாட்டிங் 2005இல் எழுதினார். 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் மொழி சாராத ஐ.க்யூ. சராசரியாக 20 புள்ளிகளுக்கு மேல் இறங்கியிருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் இறங்கவில்லை. நிலையாக நின்றவர்களும் உண்டு. தெரிந்ததை மறந்துபோனார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஐ.க்யூ. என்பது வயதொத்தவர்களோடு ஒப்பிடும் எண். மற்ற பிள்ளைகள் கேட்டும் படித்தும் மனதுக்குள் தங்களோடு பேசிக்கொண்டும் வேகமாக முன்னேறினார்கள். இவர்கள் மெதுவாக முன்னேறினார்கள். வாய்விட்டுத் தனக்குத்தானே பேசும் குழந்தை நாளடைவில் அந்தப் பேச்சை உள்ளே வாங்கிக்கொண்டு அதைக்கொண்டே தன் செயலை நடத்துகிறது என்று ரஷ்யாவின் வைகோட்ஸ்கி 1934இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அந்த உட்பேச்சு பலவீனமாக இருக்கும் பிள்ளைக்கு, கட்டப் படத்தில் "வட்டம், சதுரம், அடுத்தது முக்கோணம்" என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் வசதியும் குறைவு. ஆகவே, பேச்சு தானாக வரும், இவன் அப்பாவே நாலு வயசிலதான் பேசினான் என்று காத்திருப்பவர்கள் பேச்சை மட்டும் தள்ளிப்போடவில்லை. யோசனையின் வளர்ச்சியையும் சேர்த்தே தள்ளிப்போடுகிறார்கள்.

வகுப்புக்கு வெளியே நடப்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டு மைதானத்தில் தகராறு. இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம். பேசத் தெரிந்தவன் நடந்ததைக் கோவையாகச் சொல்கிறான். மற்றவனிடம் "நீ ஏன்டா அடிச்சே?" என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறான், அழுத்திக் கேட்டால் "தெரியல" என்கிறான். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, முன்னால் நடந்தது, அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான், அதனால் என்ன செய்தான் என்று மூன்றையும் வார்த்தையில் கோர்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அதுதான் வராதது. திமிர் என்று எடுத்துக்கொண்டு தண்டிக்கிறோம். ஆஸ்திரேலியாவில் பமேலா ஸ்நோ குற்ற வழக்குகளில் சிக்கிய சிறுவர்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு யாரும் கண்டுபிடிக்காத மொழிக் குறைபாடு இருந்தது. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அவர்களிடம் கேட்கப்படுவதும் "ஏன்" என்ற கேள்விதான். கேள்வியின் வடிவத்தை மாற்றினால் இதே பிள்ளைகள் பிறர் மனதைப் படிப்பார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. இடம் மாற்றிய பொருளைப் பற்றிய அதே வகைச் சோதனையைக் கரோல் மில்லர் 2001இல் இவர்களிடம் வைத்தார். கேள்வி எளிய வாக்கியமாக இருந்தபோது வயதொத்த பிள்ளைகளைப் போலவே செய்தார்கள். வாக்கியம் சிக்கலானபோதுதான் பின்தங்கினார்கள்.

அப்படியானால் வகுப்பில் என்ன செய்வது? சொல்லும் முறையை மாற்றுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. செய்ய வேண்டிய வரிசைப்படியே சொல்லுங்கள்: "முதலில் சாப்பிடு. பிறகு மாத்திரை போடு." கேள்வி கேட்டதும் அடுத்த பிள்ளைக்குத் தாவாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த நேரத்தில் "என்ன, தெரியலையா?" என்று இடைமறித்தால் அவன் கோர்த்துக்கொண்டிருந்தது அறுந்துபோகும். விடையைச் சொல்லத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல் காட்டவும், அடுக்கவும், வரையவும் விடுங்கள். அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு கீழ் வகுப்புகளில் கையில் தொட்டுப் படிக்கும் பொருள்கள் இருக்கின்றன. அதை நான்காம், ஐந்தாம் வகுப்பிலும் இந்தப் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைத்தனம் என்று எடுத்துப்போட்டுவிடாதீர்கள்.

இது பாதி வேலைதான். மொழியைச் சுற்றிப் போக வழி செய்துவிட்டு மொழியையே கற்றுத்தராமல் விட்டால் அந்த 20 புள்ளிச் சரிவுக்கு நாமும் துணைபோகிறோம். ஏனென்றால், அதனால், ஆனால், இருந்தாலும், ஒருவேளை, முன்னால், பின்னால், தவிர, விட: இந்தச் சொற்களை நாம் யாரும் பாடமாக நடத்துவதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் தானாக வரும் என்று நினைக்கிறோம். இவர்களுக்குத் தானாக வராது. இரண்டு படங்களை வைத்து நடுவில் 'அதனால்' என்ற அட்டையை வையுங்கள். செடி வாடியிருக்கிறது, அதனால் தண்ணீர் ஊற்றுகிறாள். பிறகு 'இருந்தாலும்' அட்டையை வையுங்கள். தண்ணீர் ஊற்றினாள், இருந்தாலும் செடி வாடிவிட்டது. ஏன் வாடியிருக்கும்? இங்கே மொழியும் யோசனையும் ஒன்றாகவே வளர்கின்றன. வீட்டில் சமைக்கும்போது நீங்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பால் பொங்கப் போகுது, அதனால அடுப்பைக் குறைக்கிறேன்." இங்கிலாந்தில் பள்ளி சேர்ந்த முதல் ஆண்டிலேயே பயிற்சி பெற்ற உதவியாளர்களைக் கொண்டு சிறு குழுக்களாகவும் தனியாகவும் 20 வாரம் பேச்சுமொழிப் பயிற்சி கொடுக்கும் திட்டம் நடக்கிறது. பெரிய அளவில் சோதித்துப் பார்த்ததில் பிள்ளைகளின் பேச்சுமொழி மேம்பட்டது. தமிழில் இப்படி ஒரு திட்டம் வர வேண்டும். நம்மால் முடியாத காரியம் எதுவும் அதில் இல்லை.

சட்டத்தில் இடம் உண்டா என்று பெற்றோர்கள் கேட்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் 'பேச்சு மற்றும் மொழி' என்ற வகை, குரல்வளையை எடுத்துவிட்டதாலோ நரம்பு பாதிப்பாலோ ஏற்படும் நிரந்தரக் குறையை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் கற்றல் குறைபாடு என்ற வகையின் விளக்கத்தில், பேச்சு மொழியைப் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் உள்ள சிரமமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் என்றாலே எழுத்துப் பிழையும் வாசிப்புத் தடுமாற்றமும் மட்டும்தான் என்று பார்க்கும் வழக்கத்தால் இந்த வரி கண்ணில் படாமல் கிடக்கிறது. கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், ஐந்து வயதாகியும் நடந்ததை வீட்டில் வந்து சொல்லத் தெரியாத குழந்தையையும் இனிமேல் காத்திருக்க வைக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பேச்சு தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் யோசிக்கத் தெரியாதவன் என்று நீங்கள் நினைக்கிற பிள்ளையை அங்கே அனுப்பும்போது, 'மந்தம்' என்று எழுதாதீர்கள். எந்தக் கேள்வியை வாயால் கேட்டபோது தடுமாறினான், அதையே பொருளைக் காட்டிக் கேட்டபோது என்ன செய்தான் என்ற இரண்டு வரியை எழுதி அனுப்புங்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.